கணக்கில் எழுதிய இரண்டு படி அரிசி

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கண்டிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் ஒரு வாக்கியம் உண்டு. "ஒங்க ஐயா பதிமூணு வயசுலயே கப்பலேறுனாக." ஐயா என்றால் எங்கள் வழக்கில் அப்பாவின் அப்பா. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சுற்றியுள்ள ஊர்களிலோ, கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்களின் வீட்டில் பிறந்தவர் எவரும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. சைக்கிளிலிருந்து விழுந்து அழுதால் இது, கணக்கில் மதிப்பெண் குறைந்தால் இது, விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று சிணுங்கினால் இது. நானும் கேட்டுத்தான் வளர்ந்தேன். சென்ற ஆண்டு ஆவணி மாதத்து இரவொன்றில், ஐயா என்பதைப் பாட்டையா என்று மட்டும் மாற்றி, என் மகனிடம் அதே வாக்கியத்தைச் சொன்னேன். சொல்லி முடித்த கணத்திலிருந்து அது எனக்குச் செரிக்கவில்லை. பல மாதங்கள் ஆகியும் செரிக்காமல் கிடந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது சிறிய விஷயம். பதினோராம் வகுப்பில் படிக்கும் மகன், ஒரு நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தேர்வை எழுதத் திருச்சிக்குத் தனியாகப் போனான். நான் காரில் அழைத்துப் போவதாகத்தான் இருந்தேன். "பதினாறு வயசாச்சு, பஸ்ல போயிட்டு வரட்டும்" என்று என் மனைவி சொன்னதால் விட்டேன். தேர்வு நான்கு மணிக்கு முடிந்தது. ஐந்து மணிக்கு மேல் அவனுடைய அலைபேசி அணைந்திருந்தது. ஆறு மணிக்கு நான் பொறுமையிழந்தேன். ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் என்று எதிரே வந்த பேருந்துகளின் சன்னல்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். பேருந்து நிலையத்தில், காரைக்குடிப் பேருந்துகள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரேயுள்ள சிமெண்டுப் பலகையில், பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அலைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, பணப்பையை எங்கேயோ தொலைத்துவிட்டான். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அங்கேயே இருந்திருக்கிறான். அவன் கண்ணெதிரே குறைந்தது ஏழெட்டுக் காரைக்குடி வண்டிகள் ஆளேற்றிக்கொண்டு போயிருக்கும்.

"யாரையாவது ஒரு ஃபோன் கேட்டுப் பேசக்கூடாதா? கண்டக்டர்கிட்ட சொல்லக்கூடாதா? வாய் இல்லையா ஒனக்கு?" என்று கேட்டேன். பதில் இல்லை. கார் கீரனூரைக் கடந்தபோதும் அவன் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "ஒங்க பாட்டையா பதிமூணு வயசுல தன்னந்தனியா ரங்கூனுக்குப் போனாக. ஒனக்குத் திருச்சியிலேருந்து திரும்பி வரத் தெரியலை." அவன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். வீடு வரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வகைத் தவறு

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். கடைக்காரர்களின் பற்று வரவைச் சரிபார்த்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுக் கொடுப்பது என் தொழில். மறுநாள் அதே புத்தியோடு உட்கார்ந்து, பதினாறு வயதில் என் மகனுக்கு என்னென்ன தெரியாது என்று ஒரு தாளில் எழுதினேன். வங்கியில் பணம் கட்டும் சீட்டை நிரப்பத் தெரியாது. வயிற்றுவலி என்றால் மருத்துவரிடம் தானே சொல்லத் தெரியாது, அவனுக்காக நான்தான் பேசுவேன். ஆசிரியரிடம் ஒரு சந்தேகத்தை இரண்டாம் முறை கேட்கத் தெரியாது. என் தொலைபேசி எண்ணே மனப்பாடமாகத் தெரியாது, பெயரைத் தொட்டால் நான் வந்துவிடுவேன் என்பதே அவனுக்குத் தெரிந்தது. தாளில் பாதி நிறைவதற்குள், இது அவனுடைய பற்றுக் கணக்கே இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. வடிவியல் பெட்டியை மறந்த நாளில் வகுப்பு தொடங்கும் முன் கொண்டுபோய்க் கொடுத்தது நான். நண்பனோடு சண்டை என்றதும் அந்தப் பையனின் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசியது நான். பத்து ஆண்டுகளாக ஒரு சிறு தோல்வியைக்கூட அவனைத் தொட விடாமல் நடுவே கைநீட்டித் தடுத்துக்கொண்டிருந்தவனும் நானே.

தெரிந்தும் நான் செய்த அடுத்த காரியம் அதைவிட மோசம். ஒரு வாரம் 'ரங்கூன் வைத்தியம்' பார்த்தேன். காலையில் எழுப்ப மாட்டோம், துணியை நீயே துவை, பள்ளிக்குச் சைக்கிளில் போ, கைச்செலவுக்குக் காசு கிடையாது என்று சட்டம் போட்டேன். அவன் எதிர்க்கவில்லை, தண்டனைக் கைதியைப் போல எல்லாவற்றையும் செய்தான். சட்டை வெளுத்தது, பேச்சு குறைந்தது. சாப்பாட்டு நேரத்தில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். உறுதி என்று நான் எதை எதிர்பார்த்தேனோ அதன் இடத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டிருந்தது. இவ்வளவு நாள் சுமந்த பிள்ளையை ஒரே நாளில் கீழே போட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டவனாக நான் நின்றேன்.

ஆத்தா சொன்னது

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பக்கம் மட்டுமே புழக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் நான்கு புள்ளிகள், அதாவது நான்கு குடும்பங்கள், வாழ்ந்த வளவில் என் தாயாரும் நாங்கள் மூவரும் மட்டும் இருக்கிறோம், மீதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. எழுபத்தாறு வயதாகும் ஆத்தா மாலை நேரங்களில் இரண்டாங்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்து கொட்டான் முடைவார். அந்த வாரத்தின் கடைசி நாளில், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் ஆரம்பித்தார்.

"ஒங்க ஐயா தன்னந்தனியாப் போனாகன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

எல்லாரும்தானே சொல்கிறார்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் அதுவரை கேட்டதே இல்லை. 1931இல் பதின்மூன்று வயதில் கப்பலேறிய ஐயா, ரங்கூன் முகல் தெருவில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் சிறுவனாகப் போனவர். அந்தக் கடையின் மேலாள் எங்கள் ஊர்க்காரர், தூரத்து உறவும்கூட. கடைக்காரர்கள் சேர்ந்து தங்கும் கிட்டங்கியில் முதல் ஆறு மாதம் பையனைத் தம் பாயை ஒட்டியே படுக்க வைத்துக்கொண்டார். பையன் இரவில் அழுவான் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரும் பெட்டியடியாக வந்து அழுதவர்தான். வாரம் ஒரு கடிதம் எழுதியே ஆக வேண்டும், என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் அன்று சாப்பிட்ட குழம்பையாவது எழுத வேண்டும். ஒரு நாள் மாலைக் கணக்கில் ஐந்து ரூபாய் நேராகவில்லை. மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாள் பையனை அடிக்கவுமில்லை, தாமே கண்டுபிடித்துக் கொடுக்கவுமில்லை. விளக்கைத் தூண்டிவிட்டு எதிரே உட்கார்ந்து, "நீ தேடு, நான் முழிச்சிருக்கேன்" என்றாராம். விடியற்காலை இரண்டு மணிக்குப் பையன் அந்த ஐந்து ரூபாயைக் கண்டுபிடித்தான்.

"கப்பல்ல ஏறுனது அவுகதான். ஏத்திவிட்டதோட யாரும் கைகழுவிடலையே" என்றார் ஆத்தா.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கும் நோக்கம் எனக்கு இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனைக் கடல் கடந்து வேலைக்கு அனுப்புவது இன்று எந்த நியாயத்துக்கும் அடங்காது. அந்தக் கடைகளின் வட்டிக்கு மறுபக்கமும் இருந்தது. 1930களின் விலைவீழ்ச்சியில் கடனைக் கட்ட இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கைமாறி, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசம் வந்திருந்தது. நம் வீட்டுத் தேக்குத் தூண்களைத் தடவிப் பெருமைப்படும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நான் கேட்க வந்தது பெருமையைப் பற்றி இல்லை. அந்தப் பையன் எதனால் உடையாமல் இருந்தான் என்பதைத்தான் கேட்க வந்தேன்.

அவர் முழுவதும் உடையாமல் இல்லை என்பதும் எனக்கு நினைவு வந்தது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. அதற்குப் பின் இலட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். பலர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர், வழியிலேயே இறந்தவர்களும் ஏராளம். ஐயா அரக்கான் மலைப்பாதையாக நடந்து சிட்டகாங் வந்து சேர்ந்தவர். எனக்குப் பதின்மூன்று வயதாகும்வரை அவர் உயிரோடிருந்தார். நான் பார்த்த ஐயா அநேகமாகப் பேசாத மனிதர். தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு வெல்லக்கட்டியைத் துணியில் முடிந்து வைத்திருப்பார், எறும்பு மொய்த்தால் துணியை மாற்றுவார், கட்டியை எடுக்க விடமாட்டார். நாங்கள் சிறுவர்கள் அதை ஒரு வேடிக்கையாகவே பார்த்தோம். கிட்டங்கியில் அழுததை அவர் சிரித்துக்கொண்டே மருமகளிடம் சொல்லியிருக்கிறார். நடந்து வந்ததைப் பற்றி ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. "அதைக் கேட்டுக்க அப்ப ஆளில்லாமப் போச்சு" என்றார் ஆத்தா. இரண்டும் ஒரே மனிதருக்கு நேர்ந்த துன்பங்கள். பக்கத்தில் ஒருவர் விழித்திருந்த துன்பம் அவருக்குக் கதையாயிற்று. யாருமில்லாத துன்பம் வெல்லக்கட்டியாகத் தலையணைக்கடியில் தங்கிவிட்டது.

தனி அடுப்பு, ஒரே கூரை

ஆத்தா அத்தோடு நிறுத்தவில்லை. கொட்டானைக் கீழே வைத்துவிட்டு, எதிரே பூட்டிக் கிடந்த அறையைக் காட்டி, "என்னை வேறு வச்ச கதையைக் கேட்டிருக்கியா?" என்றார்.

வேறு வைத்தல் எங்கள் வழக்கம், அறியாதவர்களுக்காக ஒரு வரி. திருமணமான மகனையும் மருமகளையும் விரைவிலேயே தனி அடுப்பு மூட்டவைத்துவிடுவார்கள். வீடு அதேதான், கோயிலுக்குப் புள்ளி வரி கட்டும் கணக்கில் மட்டுமின்றிச் சமையலிலும் அவர்கள் இனித் தனிப் புள்ளி. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அந்த ஆண்டை அதற்குள் ஓட்டுவது இளம் தம்பதியின் பாடு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், ஒரே வீட்டுக்குள் இப்படியொரு கஞ்சத்தனமா என்று சிரிப்பார்கள். நானும் இளவயதில் அப்படித்தான் நினைத்தேன்.

1968இல் ஆத்தாவை வேறு வைத்தார்கள். பத்தொன்பது வயது. வந்தவர்களுக்கெல்லாம் தாராளமாகச் சமைத்துப் போட்டு, ஆண்டுக் கணக்கு முடியப் பத்து நாள் இருக்கும்போதே அரிசி தீர்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அப்பச்சிக்கு, அதாவது என் தந்தைக்கு, மட்டும் சோறு வடித்துக் கொடுத்துவிட்டு, தாம் கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் நண்பகலில் அப்பத்தா, அதாவது ஆத்தாவின் மாமியார், தம் அடுப்பை விட்டு எழுந்து வந்து இவருடைய அடுப்பருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார். திட்டு விழப்போகிறது என்று இவர் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் கேட்டதோ, "ஒரு வேளைக்கு எத்தனை ஒழக்குப் போடுற?" என்பது மட்டும்தான். இவர் அளவைச் சொன்னார். அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டு, எங்கே கூடிற்று என்பதை இவரையே சொல்லவைத்தார். பிறகு எழுந்து போய் இரண்டு படி அரிசி அளந்து வந்து வைத்தார். "இது கடன். ஒன் ஏட்டுல எழுதிக்க."

"எழுதினீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதாம? சும்மாக் குடுத்திருந்தா அன்னைக்குச் சோறு தின்னிருப்பேன், ஆனா தலை குனிஞ்சுபோயிருக்கும். எழுதச் சொன்னாக பாரு, அப்பத்தான் எனக்குத் தலை நிமிந்துச்சு. மறு வருஷம் ரெண்டு படி அளந்து கொண்டுபோய் வச்சேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. வாங்கி அவுக பானையில கொட்டிக்கிட்டாக."

நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை ஆண்டு கணக்கெழுதியும், ஒரு கடனை எழுதி வைப்பதில் இவ்வளவு மரியாதை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அப்பத்தா பட்டினியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், பாடம் படிக்கட்டும் என்று. அல்லது அன்று முதல் தம் அடுப்பிலேயே சாப்பிடச் சொல்லியிருக்கலாம், பாவம் சிறுபெண் என்று. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ஆத்தா இப்போதிருக்கும் ஆத்தாவாக ஆகியிருக்க மாட்டார். அவர் வந்து அடுப்பருகே உட்கார்ந்தார், அடுப்பைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. நானோ மகனுடைய அடுப்பைப் பத்தாண்டு நானே எரித்தேன், பிறகு ஒரு வாரம் விறகையும் பிடுங்கிக்கொண்டேன். அருகே போய் உட்காரவே இல்லை.

கவாய்த் தீவின் பிள்ளைகள்

அதன் பிறகு நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தம் குழுவினரோடு நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்திருக்கிறார். வறுமை, குடிகாரத் தகப்பன், மனநோயுற்ற தாய், ஓயாத சண்டை என்று பல துன்பங்கள் ஒருங்கே சூழ்ந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளில், மூன்றில் ஒரு பங்கினர் நல்ல திறமையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தனர். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முக்கியமானது, நிலையான அக்கறை காட்டிய ஒருவரேனும் வாழ்க்கையில் இருந்தது. அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தாத்தா பாட்டியாகவோ ஆசிரியராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். என்னை அதைவிடவும் நிறுத்தியது இன்னொரு குறிப்பு. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் மெய்யான பொறுப்பு ஏதோ ஒன்று இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல, அவர்கள் செய்யாவிட்டால் நடக்காது என்கிற வேலை. ஒரு கையில் ஆள், மறு கையில் பொறுப்பு. கிட்டங்கியின் பாயும் ஐந்து ரூபாய்க் கணக்கும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தை வகுத்திருக்கிறது. முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளையும் மன அழுத்தத்தையும் கையாளுதல் என்று அந்தப் பட்டியல் போகும். பள்ளிகளில் இதற்கு வகுப்பும் உண்டு, என் மகனும் அந்தப் பத்தையும் ஒப்பிப்பான். ஒப்பித்தவன்தான் திருச்சியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வகுப்பின் மேல் எனக்குக் குறை இல்லை. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, ஊருணிப் பக்கம் போகாதே என்று வீட்டில் தடுத்தால் அந்த வகுப்பு என்ன செய்யும்?

பேரேடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூப்பிட்டு, கடையில் பயன்படுத்தும் நீளமான நாள்வழிக் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்தேன். முதலில், காரில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் அது சரியாக வரவில்லை, இரண்டு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டதுதான் மிச்சம். பிறகு ஏற்பாட்டைச் சொன்னேன். பேருந்து, சிற்றுண்டி, அலைபேசிக் கட்டணம், எழுதுபொருள், முடிவெட்டு எல்லாவற்றுக்குமாக மாதம் 2,000 ரூபாய் முதல் தேதியில் அவன் கையில். இடையில் கேட்டால் கிடைக்காது, தவறிப்போனால் கடன் உண்டு, எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டின் மின்கட்டணத்தைக் கட்டுவதும் அவன் அப்பத்தாவான ஆத்தாவின் மருந்தை வாங்கி வைப்பதும் இனி அவன் பொறுப்பு, அவன் மறந்தால் நான் நினைவூட்ட மாட்டேன்.

"வேறு வைக்கிறீங்களா?" என்று கேட்டான். அவனுடைய அப்பத்தா முந்தியே கதையைச் சொல்லியிருக்கிறார்.

முதல் மாதம் 17ஆம் தேதியே பணம் தீர்ந்தது. 450 ரூபாய்க்கு ஏதோ விளையாட்டுக்கான செயலியில் வாங்கியிருந்தான். என் நாக்கு நுனிவரை ஒரு பிரசங்கம் வந்தது. அப்பத்தா சம்மணமிட்டு உட்கார்ந்ததை நினைத்துக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்து, "மிச்ச நாளுக்கு எதெதுக்குக் காசு வேணும், சொல்லு" என்றேன். பதின்மூன்று நாளைக்கு 320 ரூபாய் வேண்டும் என்று அவனே கணக்குப் போட்டான். கடனாகக் கொடுத்தேன், அடுத்த மாதம் முதல் தேதியில் கழித்துக்கொண்டேன். மின்கட்டணம் ஒரு முறை மறந்துபோய்க் கடைசி நாளன்று ஓடினான். மருந்து விஷயத்தில் மட்டும் நான் ஏமாற்றினேன், மறந்துவிடுவானோ என்று அவனுக்குத் தெரியாமல் ஓர் அட்டை மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். ஆத்தாவின் உடம்பை வைத்து என்னால் பாடம் நடத்த முடியவில்லை. அவன் ஒரு மாதமும் மறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த 320 ரூபாய் இரவில்தான் திருச்சியில் நடந்தது வெளியே வந்தது. நான் கேட்கவில்லை, ஏட்டைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான். "நான் கேட்டேன்ப்பா. டீக்கடையில இருந்த ஒருத்தர்கிட்ட ஃபோன் கேட்டேன். என்னைத் திருடன் மாதிரிப் பாத்துட்டு, போ போன்னுட்டாரு. அப்புறம் என்னால எந்திரிக்கவே முடியலை." அப்போது பயமாக இருந்ததா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "பயமில்லை. அவமானமா இருந்துச்சு" என்றான். நான் அந்த இரவில் அவனிடம் வாய் இல்லையா என்று கேட்டிருந்தேன். இருந்த வாயைத் திறந்துதான் அவன் அடிபட்டிருந்தான்.

உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பதே ஒரு தணிவு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதியின் செயல்பாடு குறைவதைக் கண்டனர். முடிவெடுக்கவும் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தவும் உதவும் மூளையின் முன்நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பதும் இன்று பரவலாக அறியப்பட்டதே. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, பலகையில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தவனைக் கோழை என்று நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். நமக்கோ பயம், கூச்சம், வெட்கம், நாணம், அவமானம், தவிப்பு என்று தனித்தனிச் சொற்கள் தமிழில் வாய்த்திருக்கின்றன. வீட்டில் எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். இப்போது நாங்கள் இருவரும் மூட்டையை அவிழ்க்கிறோம். எனக்கும் அது பழகவில்லை, "கோபம்" என்று நான் சொல்வது பாதி நேரம் பயம்தான் என்று என் மனைவி திருத்துகிறார்.

இதில் எல்லை ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த விளையாட்டும் பிடிக்காமல், வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சு எழும் பிள்ளைக்குப் பேரேடும் பொறுப்பும் மருந்தாகா. அங்கே மருத்துவர் வேண்டும். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். இந்த எண் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது, என் கைப்பேசி எண்ணுக்குப் பக்கத்தில். என் எண்ணை அவன் இப்போது மனப்பாடமாகச் சொல்வான்.

மறுபடியும் திருச்சி

தை மாதக் கடைசியில் அடுத்த மாதிரித் தேர்வு வந்தது. தனியாகவே போகிறேன் என்றான். மாலை ஆறரை மணிக்கு அறியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் தொலைபேசியிலிருந்து பேசினான். கூட்டத்தில் அவசரமாக ஏறிய வண்டி புதுக்கோட்டையோடு நின்றுவிடுமாம், ஏறிய பிறகுதான் தெரிந்ததாம்.

நான் சாவிக்கொத்தை எடுத்துவிட்டேன். திண்ணையில் இருந்த ஆத்தா என் கையைப் பார்த்தார். "நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ப்பா. புதுக்கோட்டையில எறங்கி மாறிக்கிறேன். சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஒன்பதேகால் மணிக்கு வந்து சேர்ந்தான். நான்கு மணிக்குச் சுட்ட கந்தரப்பத்தை மனைவி எடுத்து வைக்க, கைகூடக் கழுவாமல் முதலில் ஏட்டைத் திறந்து, இரண்டு பயணச்சீட்டுகளையும் தனித்தனி வரியில் எழுதினான். இரண்டாவது வரிக்கு எதிரே, "அவசரப்பட்டதால்" என்று குறிப்பு. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஃபோன் கொடுத்தவருக்குக் கடலை மிட்டாய், 10 ரூபாய்.

"இதை எந்தத் தலைப்புல எழுதுறதுப்பா?" என்று கேட்டான். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணக்கெழுதுகிறேன், எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. ஆத்தா இன்னொரு அப்பத்தை அவன் தட்டில் வைத்தார்.